மட்டாஞ்சேரி யூதத் தெருவை எப்படி நடந்து பார்ப்பது?

கேள்வி இதுதான்: குடும்பத்தோடு இரண்டு நாள் கொச்சிக்குப் போகிறோம். மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு அரை நாள் ஒதுக்கலாமா? வழிகாட்டி வேண்டுமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா? "ஒரு பழைய கோவில், நாலு கடை, இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும்" என்கிறார்களே?

இருபது நிமிடத்தில் முடிவது யூதர்கள் வழிபடும் பரதேசி ஜெப ஆலயம் மட்டும். தெரு முடியாது. அந்த ஒரே தெருவில் ஒரு காலத்தில் மூன்று ஜெப ஆலயங்கள் இருந்தன. வடகோடியில் இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். தென்கோடிதான் மக்கள்தொகையில் பெரிய யூதச் சமூகத்தின் பக்கம், அங்கே ஆள் போவதில்லை. அரை நாள் ஒதுக்குங்கள், ஆனால் வடக்கிலிருந்து தெற்குவரை நடந்துவிடுங்கள்.

முதலில் கிழமை. பாதிப் பேர் ஏமாறுவது இதில்தான். மட்டாஞ்சேரி அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜெப ஆலயம் வெள்ளி நண்பகலோடு சாத்திவிடும், சனிக்கிழமை திறக்காது. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி சூரியன் சாய்வதிலிருந்து சனி இரவுவரை. ஆக வெள்ளி, சனி இரண்டும் வேண்டாம், ஞாயிறு முதல் வியாழன்வரை போங்கள். இன்னொரு சிக்கல் நம் ஊர்க்காரர்களுக்கென்றே அமைந்தது. காலாண்டுத் தேர்வு விடுமுறையும் சரஸ்வதி பூஜையும் வரும் செப்டம்பர், அக்டோபரில்தான் யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, நோன்பு நாளான யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகையான சுக்கோத் எல்லாம் வரிசையாக வரும். அந்தப் பண்டிகை நாட்களிலும் கதவு திறக்காது. அவர்கள் நாட்காட்டியும் சந்திரனை ஒட்டியது என்பதால் தேதி ஆண்டுதோறும் நகரும். டிக்கெட் போடுமுன் அந்த ஆண்டின் யூதப் பண்டிகைத் தேதிகளை ஒருமுறை பாருங்கள்.

காலை பத்து மணிக்கு ஜெப ஆலயம் திறக்கும், நண்பகலில் இடைவேளை விடுவார்கள், மாலை ஐந்துக்கு முடிந்துவிடும். அதனால் ஒன்பதரைக்கே அரண்மனைப் பக்கம் வந்துவிடுவது நல்லது. எர்ணாகுளத்திலிருந்து படகில் வாருங்கள். அரசுப் படகு இருக்கிறது, இப்போது வாட்டர் மெட்ரோவும் மட்டாஞ்சேரிவரை வருகிறது. துறையில் இறங்கினால் அரண்மனை பக்கத்திலேயே. ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஆட்டோவில் வருவதானால் ஒன்றை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: "கடை எதுவும் வேண்டாம், நேராக அரண்மனை." மிகக் குறைந்த கட்டணத்துக்கு ஊரையே சுற்றிக் காட்டுகிறேன் என்று அழைக்கும் ஆட்டோவுக்கு உண்மையான கூலி கைவினைக் கடைகள் தரும் கமிஷன். ஒவ்வொரு கடையிலும் கால் மணி நேரம் போய், ஜெப ஆலயத்தின் இடைவேளையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

நடையை ஏன் அரண்மனையில் தொடங்க வேண்டும்? இந்தத் தெரு இங்கே இருப்பதற்குக் காரணமே அரண்மனைதான். போர்த்துகீசியர் 1555-இல் கட்டிக் கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தது இது. பின்னால் டச்சுக்காரர்கள் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் நிலைத்துவிட்டது. கோட்டைக்குள், அதாவது இன்றைய ஃபோர்ட் கொச்சியில், போர்த்துகீசியர். 1560-இல் கோவாவில் அவர்களுடைய மத விசாரணை மன்றம் வந்துவிட்டது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அந்த விசாரணைக்குத் தப்பி ஓடி வந்த யூதர்கள் கோட்டைப் பக்கம் குடியிருக்க முடியுமா? அரசர் தம் மதிலை ஒட்டியே நிலம் கொடுத்தார். 1568-இல் ஜெப ஆலயம் எழுந்தது. அரண்மனை வளாகத்தில் பழயன்னூர் பகவதி கோவில் இருக்கிறது. அந்தக் கோவில் வளாகத்துக்கும் ஜெப ஆலயத்துக்கும் நடுவே ஒரே சுவர். முற்றத்தில் நின்று தெற்கே பாருங்கள், கூரைகளுக்கு மேலே மணிக்கூண்டு தலைகாட்டும். முதலில் இங்கே நின்று பார்த்துவிட்டால் வழிகாட்டி பிறகு சொல்லும் பாதி விஷயம் தானாகவே விளங்கும். அரண்மனைக்குள் இருக்கும் ராமாயணச் சுவரோவியங்களுக்கு முக்கால் மணி நேரம் கொடுங்கள். அது தனிக் கதை, இங்கே தொட வேண்டாம்.

வெனிஸில் 1516-இல் யூதர்களை ஒரு தீவுப் பகுதிக்குள் அடைத்து இரவில் வாயிலைப் பூட்டினார்கள். 'கெட்டோ' என்ற சொல் அங்கிருந்து வந்தது. மட்டாஞ்சேரியை அந்தச் சொல்லால் குறிப்பிடும் வழிகாட்டியை நம்ப வேண்டாம். இங்கே அடைப்பு இல்லை. அரசனுக்கு மிளகு வணிகர்கள் வேண்டும், வணிகர்களுக்கு அரசனின் நிழல் வேண்டும். அந்த ஏற்பாட்டில் அமைந்த தெரு.

அரண்மனையிலிருந்து வெளியே வந்து சாலையைச் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் ஜெப ஆலயச் சந்து. முட்டுச்சந்து அது. கோடியில் மணிக்கூண்டு. 1760-ஐ ஒட்டி எசக்கியேல் ரஹாபி கட்டியது. இவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகர். அலெப்போவிலிருந்து வந்த குடும்பம், 1771-இல் மறைந்தார். மணிக்கூண்டின் முகங்களில் எபிரேய எண், ரோமன் எண், மலையாள எண் என மூன்று வகை எண்கள். எந்த முகத்தில் எது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், உள்ளே நுழையுமுன் ஐந்து நிமிடம் நன்றாகப் போகும்.

உள்ளே போக: செருப்பைக் கழற்ற வேண்டும். உலகின் பெரும்பாலான யூத ஆலயங்களில் இந்த வழக்கம் கிடையாது, கேரளத்துக் கோவில் பழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை என்றால் வாசலிலேயே நிறுத்துவார்கள். கட்டணம் சொற்பம், சில்லறையாக வைத்திருங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. கைப்பேசியை மறைத்து எடுத்துப் பார்க்கலாம் என்று முயன்று வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நுழைந்ததும் வெளி முற்றத்துச் சுவரில் எபிரேய எழுத்துள்ள ஒரு கல் பதித்திருக்கும். பெரும்பாலானவர்கள் பார்க்காமலே தாண்டிப்போகிறார்கள். 1344-ஐச் சேர்ந்த கொச்சங்காடி ஜெப ஆலயத்தின் கல் அது. அந்த ஆலயம் இன்று இல்லை. பரதேசி ஆலயத்தைவிட அந்தக் கல்லுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வயது அதிகம். 1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து முசிறித் துறை தூர்ந்தது என்றும், கொச்சி துறைமுகமாகத் திறந்தது என்றும் வரலாற்றில் படித்திருப்பீர்கள். அடுத்த மூன்றே ஆண்டில் கொச்சியில் யூத ஆலயம். சரக்கு எங்கே இறங்கியதோ அங்கே ஆட்களும் வந்துவிட்டார்கள்.

பக்கத்து அறையில் கொச்சி யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் ஓவியங்கள், 1968-இல் நானூறாம் ஆண்டு விழாவுக்காக வரைந்தவை. அந்த விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால் தலையும் வெளியானது. ஓவியங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்றில் அரசர் செப்பேடு கொடுப்பார். அங்கே நில்லுங்கள், தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே வேலை இருக்கிறது.

அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது, வடமொழிச் சொற்களுக்குக் கிரந்த எழுத்து. மொழி, மலையாளம் தனியே கிளைத்துக்கொண்டிருந்த காலத்து மேலைக்கரைத் தமிழ். சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில், அதாவது கொடுங்கல்லூரில், இருந்தபோது யூத வணிகர் யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்தது. ஏட்டில் அவர் பெயர் 'இசுப்பு இரப்பான்'. கொடுத்தவை என்னென்ன என்று பாருங்கள்: பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம். பாவாடை என்றதும் சிரிக்க வேண்டாம். நடக்கும் வழியில் துணி விரிக்கும் மரியாதை அது, நம் நடைபாவாடைதான். அந்தோளகம் பல்லக்கு, காகளம் ஊதுகொம்பு. பகலில் விளக்குப் பிடித்துப் போவது உயர்ந்தவருக்கு மட்டுமே உரிய உரிமை. எல்லாம் சேர்த்து எழுபத்திரண்டு 'விடுபேறு', அதாவது சிறப்புரிமை, கூடவே அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமை. இந்த அஞ்சுவண்ணம் மேற்காசிய வணிகர்களின் குழு. தொண்டிப் பக்கம் தீத்தாண்டதானபுரத்துக் கல்வெட்டிலும் வருகிறது.

வழிகாட்டிகள் இங்கே இரண்டு தவறு செய்வார்கள். ஒன்று, செப்பேட்டின் காலம் கி.பி. 379 என்பார்கள். அது சமூக மரபு. ஏட்டில் "இரண்டாமாண்டைக்கெதிர் முப்பத்தாறாமாண்டு" என்று இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஆட்சியின் 38-ஆம் ஆண்டு. பாஸ்கர ரவி அரியணை ஏறியது 962, ஆக கி.பி. 1000. இரண்டாவது, ரப்பானை "யூத ராஜா" என்பார்கள். ஏடு சொல்வது வணிகக் குழுத் தலைவருக்கு அரசன் கொடுத்த சிறப்புரிமை. ராஜ்யம் எதுவும் கைமாறவில்லை. மூல ஏடு எல்லா நாளும் பார்வைக்கு இருக்காது, அதைப் பார்த்தே தீருவேன் என்று போகாதீர்கள்.

இனி நடுக்கூடம். எல்லோர் கண்ணும் முதலில் மேலே, பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகளுக்குப் போகும். நீங்கள் கீழே பாருங்கள். தரையெல்லாம் நீலமும் வெள்ளையுமாகச் சீனாவின் கான்டன் நகரத்துப் பீங்கான் ஓடுகள், ஆயிரத்துக்கும் மேல். 1762-இல் ரஹாபி போட்டவை. "ஒன்றுபோல் ஒன்று இல்லை" என்று ஒவ்வொரு வழிகாட்டியும் மனப்பாடமாகச் சொல்வார். குனிந்து ஒரு ஓரத்திலிருந்து பத்து ஓடுகளைக் கணக்கெடுங்கள். சில வடிவங்களே திரும்பத் திரும்ப வரும். ஓட்டுக்கு ஓடு மாறுவது தூரிகை போன போக்கு: ஓர் இலை தடித்திருக்கும், ஒரு கிளை கொஞ்சம் சாய்ந்திருக்கும், நீலம் ஓரிடத்தில் கசிந்திருக்கும். கையால் தீட்டியதற்கு அதுதானே அடையாளம். 'வில்லோ' வடிவம் என்று எழுதுவதும் சரியில்லை. அந்தப் பெயருள்ள ஆங்கிலேய வடிவம் 1780-களுக்குப் பிறகு வந்தது. இன்னொரு கதையும் சொல்வார்கள்: அரசர் தமக்கென்று வரவழைத்த ஓடுகளாம், "இதில் மாட்டு ரத்தம் கலந்திருக்கிறது" என்று யூதர்கள் சொல்லவே வேண்டாமென்று கொடுத்துவிட்டாராம். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள், ஆதாரமெல்லாம் தேட வேண்டாம்.

கூடத்தின் நடுவில் பித்தளைக் கம்பி அடைப்புள்ள மேடை, யூதர்களின் வேதமான தோராவை வாசிப்பதற்கு. மேற்குச் சுவரில் செதுக்கிய மரப்பேழை, தோராச் சுருள்கள் அதற்குள். ஐரோப்பிய ஆலயங்களில் பேழை கிழக்கே இருக்கும், இங்கே மேற்கே. எருசலேம் இருக்கும் திசை அதுதானே. திருவிதாங்கூர் அரசர் 1805-இல் கொடுத்த பொன் கிரீடமும் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி கொடுத்த கம்பளமும் இங்கே உள்ளவை. மாடத்தை அண்ணாந்து பாருங்கள், அங்கே இரண்டாவதாக ஒரு வாசிப்பு மேடை. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் அங்கிருந்து வாசிப்பார்கள். அதற்குப் பின்னால் பெண்கள் பகுதி. இரண்டு மேடை என்பது கேரளத்து ஜெப ஆலயங்களுக்கே உரிய அமைப்பு. இதைச் சொல்லத் தெரிந்தவர் நல்ல வழிகாட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியே வரும்போது நுழைவறையில் ஒரு நிமிடம். கொச்சி யூதர்கள் இதை 'அசாரா' என்பார்கள். பரதேசி என்ற சொல் இங்கே வசவு இல்லை, பிற தேசத்தவர் என்ற நேர்ப்பொருள்: ஸ்பெயின், சிரியா, பாக்தாத் பக்கமிருந்து வந்தவர்கள். இவர்களுக்கு முன்பே, கொடுங்கல்லூர்க் காலத்திலிருந்தே இருந்தவர்கள் மலபாரி யூதர்கள். எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய சமூகம். அவர்களைப் பரதேசிகள் சமமாக நடத்தவில்லை. பரதேசி வீடுகளில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்களை உள்ளே உட்காரவே விடவில்லை, அவர்கள் இந்த அறையில்தான் இருக்க வேண்டும். சென்னையில் படித்த வழக்கறிஞர் ஆபிரகாம் பாரக் சாலேம் (1882-1967) அந்தச் சமூகத்தவர். ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தி இந்த வழக்கத்தை உடைத்தார், 'யூத காந்தி' என்று பெயர் வந்தது. ஓடுகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விடும் வழிகாட்டிகள் நிறைய. நீங்களே கேளுங்கள்.

இனி தெரு. கடைப் பொருளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் காஷ்மீர்ச் சால்வைதான் தெரியும், யூதத் தெரு தெரியாது. கண்ணைக் கடைக்கு மேலே தூக்குங்கள். கீழே கடையும் கிடங்கும், மேலே வீடு. அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுச்சுவர். மாடியில் மரச் சன்னல்கள், சில கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம். பிறகு கதவு நிலைகளைப் பாருங்கள். உள்ளே நுழைபவரின் வலக்கைப் பக்கம், தோள் உயரத்தை ஒட்டி, மெசூசா வைக்கும் இடம். வேதவசனம் எழுதிய தோல் சுருளைச் சிறு கூட்டில் அடைத்து நிலையில் பொருத்துவார்கள். குடும்பம் போனபின் கூடும் போய்விட்டது, சில நிலைகளில் ஆணித்துளை, சிலவற்றில் வடு, அதன்மேல் புதுப் பெயின்ட். எந்த வீடு யூத வீடாக இருந்தது என்பதற்குப் பெயர்ப்பலகையைவிட அந்த வடு நம்பகமான சாட்சி.

யூத மூதாட்டி சாரா கோஹனின் பூத்தையல் கடை இந்தத் தெருவில்தான். 2019-இல் 96 வயதில் மறைந்தார். யூத ஆண்கள் அணியும் கிப்பா தொப்பி, ஓய்வுநாள் ரொட்டியை மூடும் பூவேலைத் துணி இவையெல்லாம் அங்கே தைத்து விற்றவை. பொருள் வாங்குவதானால் இது போன்ற இடத்தில் வாங்குங்கள். பரதேசி யூதர்களில் இன்று கொச்சியில் இருப்போரை விரல் விட்டு எண்ணிவிடலாம். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது விதி. வெளியூர் யூதர்கள் வந்து சேர்ந்தால்தான் அந்த எண்ணிக்கை நிறையும். அதனால் மாடிச் சன்னலை நோக்கிப் படம் எடுப்பது, "யூதர் யாராவது இருக்கிறார்களா, பார்க்கலாமா" என்று கதவு தட்டுவது இதெல்லாம் கூடவே கூடாது.

தெற்கே போகப் போகக் கைவினைக் கடை குறையும், சுக்கும் மிளகும் மணக்கும். மிளகு எதிர்கால வணிகம், அதாவது பின்னால் வரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது, கூவிக்கூவி நடந்த சந்தைக் கட்டடமும் இந்தத் தெருவில் இருக்கிறது. பின்னால் எல்லாம் கணினிக்குப் போய்விட்டது. மிளகு வாங்குவதானால் கடைக்காரர் 'டிஜிஇபி' என்று ஒரு தரம் சொல்வார். தலச்சேரி பெருமணி அது, சல்லடையில் 4.25 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும் மணிகள். பெரிய மணிக்குப் பெரிய விலை. ரசத்துக்கு அது தேவையில்லை, சாதாரண மலபார் மிளகே காரம் தரும். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பது அதிகமாக இருந்தால் அது பொக்கு மிளகு, அல்லது பப்பாளி விதை.

நேராகத் தென்கோடி, மரக்கடவுப் பக்கம். இங்கே இருப்பது கடவும்பாகம் ஜெப ஆலயம், இருந்தது என்றும் சொல்லலாம். கடவு என்றால் படகுத்துறை, துறைப்பக்கத்தார் ஆலயம். மலபாரி யூதர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1950-களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். கட்டடம் கயிற்றுக் கிடங்கானது. உள்ளிருந்த செதுக்கு மரவேலை எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே மிஞ்சிய சுவரிலும் ஒரு பகுதி 2019 மழையில் சரிந்தது. உள்ளே நுழைய முயலாதீர்கள், சுவர் நம்பத்தக்கதில்லை. சாலையிலிருந்து பார்த்தால் போதும். இடையில் இருந்த தெக்கும்பாகம் ஆலயம் இடிக்கப்பட்டுவிட்டது. பரதேசிகளின் இடுகாடு பெரும்பாலும் பூட்டியிருக்கும், கம்பி வழியாக எபிரேய எழுத்துக் கல்லறைகள் தெரியும். 1615-ஐ ஒட்டி மறைந்த நெகேமியா மோத்தா என்ற கவிஞரின் கல்லறை வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே மெழுகுவத்தி ஏற்றுவதுண்டு. விசாரித்துத்தான் போக வேண்டும், வரைபடத்தை மட்டும் நம்பினால் சுற்றுவீர்கள்.

வழிகாட்டி வேண்டுமா என்றால், செப்பேடு, அசாரா, மெசூசா வடு மூன்றையும் தெரிந்துகொண்டு போனால் இல்லாமலே சமாளிக்கலாம். வைத்துக்கொள்வதானால் சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ளவரைப் பிடியுங்கள். பேரம் பேசும்போதே "கடவும்பாகம்வரை வருவீர்களா?" என்று கேளுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்பவருக்குத் தெரு தெரியாது. அரண்மனையையும் சேர்த்து மூன்று மணி நேரம் பேசிக்கொள்ளுங்கள். வயதானவர்கள் இருந்தால் மரக்கடவிலிருந்து ஆட்டோவில் திரும்பிவிடலாம்.

இரண்டாம் நாள் மிச்சமிருந்தால் எர்ணாகுளத்தில் சந்தைப் பக்கம் இன்னொரு கடவும்பாகம் ஆலயம் இருக்கிறது. முன்னால் வண்ணமீனும் செடியும் விற்கும் கடை, அதன் வழியாக உள்ளே போனால் பேழையும் செதுக்கிய மேற்கூரையும் அப்படியே இருக்கின்றன. மட்டாஞ்சேரியில் காணாமல் போனது எப்படி இருந்திருக்கும் என்பது இங்கே புரியும். வண்டி இருந்தால் வடக்கே பரவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போங்கள், இரண்டு ஆலயங்களும் இப்போது அருங்காட்சியகம். சேந்தமங்கலத்தில் வாசலிலேயே ஒரு கல்லறைக் கல் நிற்கும்: 'இஸ்ரயேலின் மகள் சாரா', ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது. அங்கே திங்கட்கிழமை விடுமுறை.